நான் அழித்த வரி

அந்தத் தாள்களை வராந்தாச் சுவரில் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சிக் கொடுத்தது நான்தான். மைதா மாவில் ஒரு சிட்டிகை துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி அரிக்காது. ஐந்து மாதம் அந்தத் தாள்கள் ஒரு மூலைகூடக் கிளம்பாமல் சுவரோடு இருந்தன. முதல் வாரத்திலேயே கிளம்பி விழுந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரி. அதில் மாடியில் இருக்கிறது வரலாற்றுத் துறை. பெருக்குவது, துடைப்பது, ஆசிரியர்களுக்குத் தண்ணீரும் டீயும் கொண்டுபோய் வைப்பது என் வேலை. பூதலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் எதையும் விடாமல் படிப்பேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறப்பதுதான் எனக்கு வராது. சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வரும், அங்கேயே நின்றுவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டில் என்னை ஊமை என்றே நினைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, போன வருஷம் வரைக்கும்.

முதலாம் ஆண்டுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கோபம் வந்தாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆடி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் டீ கொண்டுபோனபோது மேஜை முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆயாம்மா, ஒவ்வொரு வருஷமும் சிலபஸ் அடிச்சுக் கையில குடுக்கறேன். ஒருத்தியாச்சும் பிரிச்சுப் பாக்கணுமே! பரீட்சைக்கு மொத நாள் வந்து 'மேடம், மொத்தம் எத்தன யூனிட்டு'ன்னு கேக்குறாளுங்க. போன வருஷத் தாள்ல பாதி கேண்டீன்ல வடை சுத்தி வந்துச்சு, தெரியுமா?"

தெரியும். அந்த வடையில் ஒன்றை நானும் தின்றிருக்கிறேன். சொல்லவில்லை.

முதலில் போனில் செய்துபார்த்தார். ஒரே பாடத்திட்டத்தை எல்லாரும் அவரவர் போனில் திறந்து, எந்த வரியில் சந்தேகமோ அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதலாமாம். ஒருத்தி எழுதியது எல்லாருக்கும் தெரியுமாம். பாதிப் பெண்களிடம் சொந்த போன் இல்லை. சிலர் அண்ணன் போனில் பார்க்கிறவர்கள். ஒருத்தியின் அண்ணன், "எங்க ஊட்டுப் பொண்ணு கேள்வியெல்லாம் கேக்காது" என்று அவனே அதில் எழுதிவிட்டான். மேடம் அதைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு, "சரி, சுவத்துலயே ஒட்டிருவோம்" என்றார்.

அப்படித்தான் அது சுவருக்கு வந்தது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தார். நடுவில் எழுத்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் வெற்றிடம். ஆறு தாள்கள். பக்கத்தில் ஆணியடித்து, நூலில் பென்சில்களைக் கட்டித் தொங்கவிட்டோம். பெண்களை வராந்தாவுக்குக் கூட்டிவந்து நிறுத்திச் சொன்னார்.

"இத நான் தயாரிச்சேன், ஆனா படிக்கப்போறது நீங்க. புரியலன்னா பக்கத்துல எழுதுங்க. பிடிக்கலன்னா எழுதுங்க. ஒருத்தி எழுதினதுக்குக் கீழ இன்னொருத்தி பதில் எழுதலாம். பேரு போட வேணாம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் பச்ச மையில பதில் எழுதுவேன். ஒரு கேள்வியக்கூட விடமாட்டேன். இது சத்தியம்."

"கெட்ட வார்த்த எழுதினா மேடம்?"

"அதுக்குப் பச்ச மையிலயே எழுத்துப்பிழை திருத்துவேன்டி."

முதல் இரண்டு நாள் யாரும் எழுதவில்லை. மூன்றாம் நாள் நீர்ப்பாசனம் என்ற பாடத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி எழுதினாள்: 'இதுக்கு எதுக்கு புக்? எங்க அப்பாவக் கேட்டா போதும்.' அதன் கீழே வேறு கையெழுத்து: 'உங்க அப்பாதான் பேப்பர் திருத்தப் போறாரா?' அதற்கும் கீழே: 'திருத்துவாரு, மொதல்ல வாய்க்கால்ல தண்ணி வரட்டும்.' புத்தகப் பட்டியலுக்குப் பக்கத்தில், 'லைப்ரரில ஒண்ணுதான் இருக்கு, அதுவும் மேடம் கையில இருக்கு' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பச்சை மையில் பதில் வந்தது: 'திங்கட்கிழமை முதல் லைப்ரரியில் இருக்கும். மன்னிக்கவும்.' மேடமே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றதும் பெண்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்த வாரத்துக்குள் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

எட்டரைக்கு முன்னால் வராந்தாவில் யாரும் இருக்க மாட்டார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். நடுவில் அச்சடித்திருந்ததைவிட ஓரத்தில் எழுதியிருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்தப் பெண்கள் என்னைக் கடந்து போகும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பல வருஷமாகத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தது.

ஒரு புதன்கிழமை காலை, நான் கடைசி வகுப்பறையில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், பூதலூர் பஸ்ஸில் என் கூடவே வருகிறவள். பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுப்பாள், அதற்குமேல் பேச்சு இல்லை. நாலாவது தாளுக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு எழுதினாள். தாளைக் கிழித்துவிடுவாளோ என்று தோன்றும்படி அழுத்தி எழுதுகிற கை. எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவள் போனபின் போய்ப் படித்தேன். 'வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால் மட்டுமே தேர்வு எழுத அனுமதி' என்று அச்சடித்த வரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்:

'அம்மாவுக்குத் திங்கள், வியாழன் டயாலிசிஸ். கூடப் போக என்னை விட்டால் ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அறுபதுக்கு மேல் வராது. நான் படிக்க வரலாமா, வேண்டாமா?'

இரண்டு தடவை படித்தேன்.

இதை இப்போது எழுதும்போது அதை நான் ஏன் அழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில், பீடத்துக்கு இடதுபக்கம், விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. வீட்டில் நோய், சண்டை, பிள்ளை இல்லாத குறை எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதி நாலாக மடித்து அதில் போடுவோம். யாரும் பிரித்துப் படிப்பதில்லை. திருநாள் முடிந்ததும் சாமியார் அப்படியே எரித்துவிடுவார். கஷ்டத்தை மடித்துக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அதைச் சுவரில் விரித்து ஒட்டினால் அந்த வீட்டுக்காரர்களையே நடுத்தெருவில் நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்கள் அந்தத் தாள் முன்னால் நின்றிருந்தார்கள்.

"யாருடி இது?"

"மூணாவது பெஞ்சுல ஓரமா உக்காருமே, அதுவா இருக்குமோ?"

"சேச்சே, அது அக்கா கல்யாணத்துக்குத்தான் லீவு போட்டுச்சு."

"எழுது, எழுது. 'யார் இது?'ன்னு கேளு."

அதன் கீழே எழுதியும் விட்டார்கள். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. சின்னப் பெண்கள். ஆனால் நாளைக்கு நாற்பது பேரும் அந்தப் பெண்ணைத் தேடுவார்கள். கண்டுபிடித்துவிட்டால் அவள் எப்படித் தலை நிமிர்ந்து பஸ்ஸில் உட்காருவாள்?

வியாழக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் வந்து, நூலில் தொங்கிய பென்சிலின் பின்னால் இருந்த ரப்பரால் அதை அழித்தேன். 'யார் இது?' என்பதையும் அழித்தேன். மூன்று தடவை தேய்த்தேன். மேடத்திடம் தனியாகக் காதில் சொல்லிவிடலாம் என்பதுதான் என் நினைப்பு. இன்னார் இப்படிக் கேட்டிருக்கிறாள், நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நாலு வார்த்தை. பஸ்ஸில் வரும்போதே அந்த நாலு வார்த்தையையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அன்று மேடம் வேறு ஊருக்கு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை டீ கொண்டுபோனேன். அறையில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். யாருடைய மகளுக்கோ வரன் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு.

"மேடம்..."

"என்ன ஆயாம்மா?"

எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சக்கர போதுமா மேடம்?"

"போதும் போதும். என்னிக்கு நீங்க கம்மியாப் போட்டீங்க, டாக்டர்தான் திட்டுறாரு" என்றார். சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே மேடம் பச்சைப் பேனாவோடு வராந்தாவுக்கு வந்து பதில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த எழுபத்தைந்து சதவீத வரிக்குப் பக்கத்தில் வேறொருத்தி விளையாட்டாகக் கேட்டிருந்தாள்: '74.9 வந்தா விட்டுருவீங்களா மேடம்? ப்ளீஸ்.' அது அந்தப் பெண்ணின் எழுத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதை நான் அழிக்கவில்லை. விளையாட்டுதானே என்று விட்டுவிட்டேன். மேடமும் விளையாட்டாகவே பதில் எழுதியிருந்தார். இடம் போதாமல் பச்சை எழுத்து கீழே இறங்கி, நான் அழித்த இடத்தின் ஓரம்வரை வந்திருந்தது:

'75 என்றால் 75தான். பேரம் கிடையாது.'

நான் அதைப் பார்க்கும்போது கையில் தண்ணீர் வாளி இருந்தது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போது சாப்பாட்டு மணி அடித்து, பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவரவர் கேள்விக்குப் பதில் தேடிப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அவள் வந்தாள். நேராக நாலாவது தாளுக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பக்கத்துத் தாளையும் பார்த்தாள், தான் எழுதிய இடத்தைத் தானே மறந்துவிட்டோமோ என்பது போல. பிறகு அந்த வெற்றிடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினாள். பச்சை எழுத்து வந்ததும் விரல் நின்றது. அதைப் படித்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 'அழிச்சது நான்மா' என்ற இரண்டே வார்த்தை. மற்ற பெண்கள் அப்போதும் வராந்தாவில் இருந்தார்கள். நாக்கு எழவில்லை.

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் படியில் அவள் ஏறவில்லை.

ஒரு வாரம் கழித்து மேடம் வகுப்பில் கேட்டார். நான் வெளியே ஜன்னல் கம்பி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு ஏன் வரல? போன் போட்டா ஸ்விட்ச் ஆப்னு வருது."

"தெரியல மேடம். யார்கிட்டயும் அதிகமாப் பேசாது."

"என்ன பிரச்சினையா இருந்தாலும் சுவத்துல ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? இதுக்குத்தானே ஒட்டி வெச்சேன்!"

அழித்ததைப் பற்றி அந்த இரண்டு பெண்கள் பேசியதையும் ஒருநாள் கேட்டேன். "எழுதுனவளே அழிச்சிட்டுப் போயிருப்பாடி" என்றாள் ஒருத்தி. அதோடு அவர்களுக்கு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அந்த வராந்தா கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் சாய்வாக வந்து சுவரில் விழும். ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, அவள் அழுத்திய தடத்தை எடுக்கவில்லை. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாகத் தெரியும். 'வரலாமா' என்பதில் துணைக்கால்கள் எல்லாம் ஆழமாக இருந்தன. வெயில் ஏறினால் மறைந்துவிடும். மறுநாள் காலை மறுபடி அதே இடத்தில் இருக்கும். அந்தத் தாள் பக்கம் பார்க்காமல் பெருக்கப் பழகினேன். அப்படியும் முதுகுக்குப் பின்னால் அது என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். பஸ்ஸில் அவள் ஏறும் நிறுத்தம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அங்கே யாரும் ஏறமாட்டார்கள். கண்டக்டர் ஒருமுறை என்னையே கேட்டார், "இங்க ஒரு காலேஜ் பொண்ணு ஏறுமே, கல்யாணம் ஆயிருச்சா?" என்று.

மாதா கோயில் பெட்டியில் ஒரு சீட்டும் போட்டேன். நாலாக மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, இதை எழுதி மாதாவிடம் கொடுக்கத் தெரிந்த எனக்கு மேடத்திடம் கொடுக்கத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கொடுக்கவில்லை. குறுவை அறுத்தார்கள், சம்பா நட்டார்கள், மழை வந்தது. என் வாய் அப்படியே இருந்தது.

கார்த்திகையில் பருவத் தேர்வு முடிந்தது. அடுத்த பருவத்தின் பாடத்திட்டம் ஒட்ட வேண்டும், பழையதைக் கிழித்துவிடுங்கள் என்றார் மேடம். இரண்டு நாள் மழை விட்டு அன்று காலை வெயில் அடித்தது. ஈரத்துணி வைத்து ஊறவிட்டு ஒவ்வொன்றாக உரித்தேன். நாலாவது தாளை மட்டும் ஈரம் படாமல் கத்தியால் நெம்பி எடுத்தேன். ஏன் அப்படி எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. எடுத்த பிறகு அதைக் கசக்க முடியவில்லை. அறையில் மேடம் தனியாக இருந்தார். ஜன்னலண்டை போய், தாளை வெயிலுக்குச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஆயாம்மா, அதக் குப்பையில போடுங்க."

நான் விரலால் காட்டினேன். அவர் எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துப் படுக்கவைத்து அந்த இடத்தின் மேல் லேசாகத் தேய்த்தார். கரிக்கு நடுவில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. கடைசிச் சொல்வரை படித்துவிட்டு, ஓரத்தில் இருந்த தன் பச்சை எழுத்தையும் படித்தார். 

"யாரு அழிச்சது?"

"நான்தான் மேடம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, "எவ்வளவு பெரிசா சத்தியம் பண்ணினேன், ஒரு கேள்வியக்கூட விடமாட்டேன்னு" என்றார். அதை என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

எழுதியது யார் என்று சொன்னேன். அலுவலகத்தில் அவள் முகவரி வாங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமையே மேடமும் நானும் போனோம். பூதலூரில் இறங்கி வேறு பஸ், பிறகு வாய்க்கால் கரையில் நடை. இரண்டு பக்கமும் சம்பா, கதிர் இன்னும் வெளியே வராமல் தொண்டைக் கதிராக நின்றது. கரை வழுக்கியது, மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தொகுப்பு வீடு. வாசலில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஈரக்கையோடு எழுந்தாள்.

"மேடம், வாங்க. ஆயாம்மா, நீங்களுமா? அம்மா இப்பத்தான் தூங்குது, சத்தம் போடாம இப்படி வாங்க."

வேப்ப மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டுக் கொண்டுவந்தாள். முதலில் எனக்குக் கொடுத்தாள். பூதலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். திங்களும் வியாழனும் மட்டும் லீவு கொடுக்கிறார்களாம்.

மேடம், "நீ எழுதினத நான் பாக்கவே இல்லம்மா" என்றார்.

"பாக்காமயா பதில் எழுதினீங்க?"

"அது வேற ஒருத்தி கேட்டதுக்கு எழுதினது. எழுபத்தி நாலு புள்ளி ஒன்பது வந்தான்னு ஒருத்தி கேட்டிருந்தா. நீ எழுதினது என் கண்ணுல படறதுக்கு முன்னாடியே..." என்று நிறுத்தினார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நான் அழிச்சேம்மா" என்றேன். "ரெண்டு பொண்ணுங்க யாரு யாருன்னு பேசிச்சுங்க. உனக்குத் தலைகுனிவாப் போயிடும்னு அழிச்சிட்டேன். மேடத்துக்கிட்ட தனியாச் சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்லல."

அவள் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"நீங்கதான் என் எழுத்த அழிச்சிட்டு, பதில மட்டும் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன் மேடம். எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சுதான், பேரம் கிடையாது. மனப்பாடமா இருக்கு. கடையில மிஷின் ஓடுறப்ப அதுதான் ஓடும்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது அழியாம இருந்திருந்தா நான் என்ன எழுதியிருப்பேன் தெரியுமா? நீ வா, ஆஸ்பத்திரிச் சீட்ட வெச்சு பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன்னு எழுதியிருப்பேன்."

"அன்னிக்கு அது போதும் மேடம். 'வா'ன்னு மட்டும் எழுதியிருந்தாலே போதும்." துணி வாளியைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்பப் போதாது. கடையில சேந்துட்டேன். அம்மாகிட்டயும் படிப்பு பிடிக்கல, விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நாலு மாசமா அதச் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிருச்சு."

"ஜூன்ல மறுபடி சேரலாம். ஒரு வருஷம்தான் போகும். அப்ளிகேஷன் பாரம் நான் அனுப்பறேன்."

"திங்க, வியாழன் அப்பவும் வரும்ல மேடம்?"

 நான் டீ கிளாஸைத் தரையில் வைத்தேன்.

"திங்களும் வியாழனும் உங்கம்மா கூட நான் போறேன்" என்றேன். "எனக்கும் இந்தப் பக்கந்தான். ஞாயித்துக்கிழம வந்து வேலையச் சேத்துப் பாத்துக்கறேன்."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நான் அந்த எடத்தத் தடவிப் பாத்தப்ப நீங்க வாளியோட நின்னீங்க ஆயாம்மா. பத்தடிகூட இருக்காது. ஒங்களப் பாத்தேன் நான்."

 காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பும்போது வாய்க்கால் மதகுவரை வந்து, வழுக்கும் இடத்தைக் காட்டி, மேடத்திடம், "பாத்துப் போங்க" என்றாள்.

தை பிறந்ததும் ஒரு புதன்கிழமை எனக்கு ஆள் அனுப்பியிருந்தாள், நாளைக்குக் கடையில் வேலை அதிகம், வர முடியுமா என்று. போனேன். அதிலிருந்து திங்களும் வியாழனும் நான்தான் போகிறேன். மேடம் அலுவலகத்தில் பேசி நாள் மாற்றிக் கொடுத்தார். அவள் ஆஸ்பத்திரி ஃபைலையும் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் என் கையில் கொடுப்பாள். "ரெண்டு மடக்குக்கு மேல தண்ணி குடுக்காதீங்க" என்பாள். வேறு பேச்சு கிடையாது. மேடம் கொடுத்தனுப்பிய சேர்க்கைப் பாரம் அவர்கள் வீட்டு அலமாரியில் ஃபைல்களுக்கு மேல் இருக்கிறது. பேர், ஊர் எல்லாம் எழுதியிருக்கிறாள். கையெழுத்து போடவில்லை. ஒவ்வொரு முறை ஃபைலை எடுக்கும்போதும் பார்ப்பேன். ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

அந்தம்மா என்னைவிட வயதில் சின்னவர். மிஷினில் போட்டுவிட்டால் நாலு மணி நேரம் அசையக் கூடாது. முதலில் சில வாரம் தூங்குவார். இப்போதெல்லாம் பேசுகிறார். நெல் அறுப்புக்கு மிஷின் வந்த கதை, மூத்த மகளைச் சிவகாசிப் பக்கம் கொடுத்த கதை. போன வியாழக்கிழமை குழாயில் ரத்தம் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏங்க, நீங்க அந்தக் காலேஜுலதான வேல பாக்குறீங்க? எம் பொண்ணு ஏன் படிப்ப விட்டுச்சுன்னு தெரியுமா? பிடிக்கலங்குது. ராத்திரி பகலா படிச்ச புள்ளைங்க அது. எனக்காகத்தான் விட்டுச்சோன்னு இருக்கு. நான் பொழச்சுக் கெடக்கறதாலதான் அதுக்கு இப்படி ஆயிருச்சோன்னு..."

அவருக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் அந்தக் கோடியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களோடு வந்தவர்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்.

"உங்களால இல்லைங்க" என்றேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் தாள் ஒட்டியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.